இரண்டு மணிக்குப் போய் ஐந்து மணிக்கு வரும் நெட்

வீடு சாய்யுன் பேரில். ஸ்கூட்டர் சாய்யுன் பேரில். தபால் ஆபீஸ் சேமிப்புக் கணக்கும் சாய்யுன் பேரில். ஜுவாங் தெமாவ் என்கிற மனிதருக்கு, நான்காம் மாடியில் இருக்கும் அந்த வீட்டில் சொந்தம் என்று இருந்தது ஒரு கம்ப்யூட்டர் மட்டும்தான். மதர்போர்டிலிருந்து திருகாணி வரைக்கும் அவரே பார்த்துப் பொறுக்கிப் பூட்டியது. அந்தக் கம்ப்யூட்டருக்குத்தான் தினமும் மத்தியானம் இரண்டு மணிக்கு நெட் போய்விடுகிறது. ஐந்து மணிக்குத் திரும்பி வந்துவிடுகிறது. இடையில் தலைகீழாக நின்றாலும் வராது.

தானாகப் போகிற நெட் இல்லை அது, தண்டனை. கொஞ்ச நாளைக்கு முன்னால் அவர் மனைவி சாய்யுன் அடுப்பில் கோழி வைத்துவிட்டுக் கீழே போனாள். நல்லெண்ணெயும் இஞ்சியும் அரிசி மதுவும் ஊற்றிக் குளிர்காலத்துக்கென்று வைக்கிற கோழி. ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். தெமாவும் ஒரு கண்ணால் பார்க்கத்தான் இருந்தார். ஆனால் இரண்டு கண்ணும் கம்ப்யூட்டரில் இருந்தன. தூரத்து ஊரான ஹுவாலியனில் இருக்கிற முகம் தெரியாத யாரோ ஒருவரோடு வெய்ச்சி ஆடிக்கொண்டிருந்தார். கறுப்புக் காயும் வெள்ளைக் காயும் வைத்துக் கட்டம் பிடிக்கிற ஆட்டம்; அதில் உட்கார்ந்தவனுக்குப் பசி, தாகம், புகை மூன்றும் தெரியாது. மேல்மாடிக்காரர் தீயணைக்கும் சிலிண்டரோடு கதவைத் தட்டியபோதுதான் தெமாவ் தலை நிமிர்ந்தார். கோழி கரியாகி, சட்டியும் கரியாகி, பக்கத்திலிருந்த சுவரும் பாதி கரியாகியிருந்தது.

சாய்யுன் சத்தம் போடவில்லை. அவள் சத்தம் போட்டிருந்தால் தெமாவ் தப்பித்திருப்பார்.

"இனிமே ரெண்டு மணிலேர்ந்து அஞ்சு மணி வரைக்கும் உங்க கம்ப்யூட்டருக்கு நெட் கெடையாது."

"அதெப்படிம்மா, என்னுதுக்கு மட்டும் நிறுத்துவே? அது என்ன தண்ணிக் குழாயா?"

"பாத்துக்கிட்டே இருங்க, எஞ்சினியரே."

கோபம் வந்தால் மட்டும்தான் அவள் வாயில் எஞ்சினியர் வரும். மறுநாள் சொன்னபடியே இரண்டு மணிக்கு நெட் போயிற்று.

தெமாவ் சாதாரண ஆள் இல்லை. எங்கள் ஊர் ஜொங்ஹெயில் தெருவுக்கு ஒரு மதர்போர்டு கம்பெனி இருந்த காலத்திலிருந்து, ஒரே கம்பெனியில் கால் நூற்றாண்டு பரிசோதனைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். முறைப்படி ஆராய்ந்தார். கம்ப்யூட்டரின் பின்னால் நெட் போர்ட்டில் பச்சை விளக்கு எரிகிறது. அதிலிருந்து போகிற கேபிள் மேசைக்கு அடியில் இருக்கிற குட்டி ஹப் பெட்டியில் சேர்கிறது. ஓய்வு பெறுகிறவர்களுக்கெல்லாம் கம்பெனி அன்பளிப்பாகக் கொடுத்த பெட்டி அது. அதிலும் விளக்கு எரிகிறது. சமையலறையில் சாய்யுனின் லேப்டாப்பில் கேபிள் இல்லாமலே வைஃபையில் நெட் ஆறாக ஓடுகிறது. மாடி மாடியாக எல்லோருக்கும் சேர்த்துப் புது வருஷ முள்ளங்கிக் கேக்குக்கு அவள்தான் ஆர்டர் எடுத்துக்கொண்டிருக்கிறாள். ஆக, வீட்டுக்கு நெட் வருகிறது. அவளுக்கு வருகிறது. தனக்கு மட்டும் வரவில்லை.

ஹப்பிலிருந்து கிளம்பும் கேபிள் சுவரோரமாக ஓடிக் கூடத்துக்குப் போய்ச் சாமி மேடையில் இருக்கும் மோடத்தில் முடிகிறது. அதுவரை போய்ப் பார்த்திருக்கலாம். போகவில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது, அந்தக் காரணத்தின் பெயர் பெங்.

பெங் அவருடைய பிரிவுத் தலைவராக இருந்தவர். பரிசோதனை மேசையில் எந்தப் பழுது வந்தாலும் பெங் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "கேபிளைப் பார்த்தியா?" போர்டில் புகை வந்தாலும் கேட்பார். தெமாவ் ராத்திரி பகலாகக் கண்விழித்து, சிப்புக்குள்ளே இருக்கிற சிடுக்கை அவிழ்த்துக்கொண்டு போய் நின்றால், நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அதையே கேட்பார். பிரிவு உபசார விருந்தில் மைக் வேலை செய்யாதபோதுகூடக் கேட்டார், எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்குத் தெமாவ் மனதுக்குள் ஒரு சபதம் செய்துகொண்டார்: இந்த ஜென்மத்தில் இனி நான் கேபிளைப் பார்க்கப் போவதில்லை. விளக்கு எரிகிறதா, அது போதும்.

கடைசியில் வெட்கத்தை விட்டு மனைவியிடமே கேட்டார். எப்படி நிறுத்துகிறாய்?

சாய்யுன் முள்ளங்கி சீவிக்கொண்டே சொன்னாள். "டெலிபோன் கம்பெனித் தம்பி வந்தானில்ல, அவன் சொன்னான். ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு நம்பர் உண்டாமே? சிப்புக்குள்ளயே எழுதியிருக்குமாமே? உங்க மெஷினோட நம்பரச் சொன்னேன், நேரம் சொன்னேன், அவன் மோடத்துல என்னமோ பண்ணிக் குடுத்துட்டான்."

தெமாவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. உள்ளுக்குள் ஏதோ குறுகுறுத்தது, சின்ன வயதில் ரேடியோவைத் திறந்து பார்த்த நாளைப் போல. நம்பர்! இந்த நம்பரை எழுதித்தானே அவர் சம்பளம் வாங்கினார். மதர்போர்டிலேயே பதித்து வருகிற நெட் சிப்பு, தொழிற்சாலைக்கு வரும்போது வெறும் கல். தயாரிப்பு வரிசையின் கடைசியில் அதை இயக்குகிற கட்டளைகளான ஃபர்ம்வேரை அதற்குள் எழுதி, அதோடு பன்னிரண்டு எழுத்தில் ஒரு நம்பரையும் எழுதினால்தான் அதற்கு உயிர். உலகத்தில் எந்த இரண்டு சிப்புக்கும் ஒரே நம்பர் கிடையாது. மோடம் ஆளைப் பார்ப்பதில்லை, அந்த நம்பரைத்தான் பார்க்கிறது. இவ்வளவும் தெமாவுக்குத் தண்ணீர் பட்ட பாடு. தன் ஆயுதத்தையே எடுத்துத் தன் மேல் வீசியிருக்கிறாள் என்று தெரிந்ததும், மனைவி மேல் புதிதாக ஒரு மரியாதையே வந்துவிட்டது.

மரியாதை ஒரு பக்கம் இருக்கட்டும். சனிக்கிழமை மூன்று மணிக்கு அவருக்கு நெட் வேண்டும்.

கம்பெனியில் ஓய்வு பெற்றவர்களுக்கென்று ஒரு வெய்ச்சிக் கழகம் உண்டு. பாதிப் பேருக்கு முழங்கால் வலி, மீதிப் பேர் மகன் வீடு மகள் வீடு என்று ஊர் ஊராகப் போய்விட்டார்கள், அதனால் போட்டி நெட்டில்தான். இந்த வருஷத்து இறுதி ஆட்டத்தில் எதிரெதிரே வந்து நின்றவர்கள் தெமாவும் பெங்கும். பரிசு ஒரு டப்பா மலைத் தேயிலை. அது யாருக்கு வேண்டும்? வேலையில் இருந்த காலம் முழுக்கச் சாப்பாட்டு இடைவேளையில் பெங்கோடு தெமாவ் ஆடியிருக்கிறார், முழுக்கத் தோற்றிருக்கிறார். வருஷக் கடைசி போனஸ் பெங்கின் கையில் இருந்ததால் தோற்றார். வேண்டுமென்றேதான் தோற்றார் என்பது அவருக்குத் தெரியும். பெங்குக்குத் தெரியாது. கம்பெனியில் வேறு யாருக்கும் தெரியாது. தெமாவ் என்றால் தோற்கிறவர் என்றே பேராகிவிட்டது. இப்போது போனஸும் இல்லை, பிரிவுத் தலைவரும் இல்லை. முதல் தடவையாக உண்மையான ஆட்டம். அரை மணி நேரத்துக்குள் வராதவர் தோற்றவர் என்பது விதி. கைபேசியில் ஆடலாமே என்றால், அவருடையது மடக்குகிற ரகம். பேச மட்டும் வரும்.

ஒரு நாள் விலக்குக் கொடு என்று கேட்டுப் பார்த்தார். சனிக்கிழமை ஜன்னல் துடைக்க வேண்டும் என்று பதில் வந்தது. புது வருஷம் நெருங்குகிறது, எங்கள் ஊரில் எந்த வீட்டில் ஜன்னல் அழுக்காக இருக்கிறதோ அந்த வீட்டு அம்மாவின் மானம்தான் சந்திக்கு வரும். கேட்டுப் பயனில்லை என்று தெமாவ் விட்டுவிட்டார். விஞ்ஞானத்தால் வெல்வது என்று தீர்மானித்தார்.

திட்டம் ரொம்ப எளிது. சாய்யுனின் லேப்டாப்புக்குத் தடை இல்லை. அப்படியானால் தன் கம்ப்யூட்டருக்குச் சாய்யுனின் நம்பரை வைத்துவிட்டால் மோடம் அதைச் சாய்யுன் என்று நினைத்து வணங்கி வழிவிடும். அவள் பெங்கின் மனைவியோடு ஆற்றங்கரைப் பூங்காவில் கூட்டு நடனம் ஆடப் போன காலையில், லேப்டாப்பைக் கவிழ்த்துப் போட்டு நம்பரைக் குறித்துக்கொண்டார். திருப்பி வைக்கும்போது கொஞ்சம் துடைத்தும் வைத்தார், குற்ற உணர்ச்சியால்.

இங்கேதான் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நம்பரை மாற்றச் சிப்பைத் தொடவே வேண்டாம். திரையில் ஒரு பெட்டியைத் திறந்து பன்னிரண்டு எழுத்தைத் தட்டினால் ஆயிற்று. பள்ளிக்கூடப் பையன்கூடச் செய்வான். அதனால்தான் தெமாவ் செய்யவில்லை. அது முகத்துக்குப் பவுடர் பூசுகிற வேலை. அவர் எலும்பில் எழுதுகிறவர். யாரும் கேட்காததால் கம்பெனியிலிருந்து அவரோடு வந்துவிட்ட ஒரு பென் டிரைவில், சிப்புக்குள் எழுதுகிற கருவி இருந்தது. எழுதுவதற்கு முன்னால் உள்ளே இருப்பதைப் பிரதி எடுத்துக்கொள்ள வேண்டும். எத்தனை பேருக்கு அவர் சொல்லிக் கொடுத்த பாடம்: பேக்கப் எடுக்காதவன் குடையில்லாமல் ஜிலோங்குக்குப் போகிறவன். அந்த ஜிலோங்கில் மழை நின்று யாரும் பார்த்ததில்லை. ஆனால் குரு தன் மழைக்குத் தானே குடை பிடிப்பாரா? எடுக்கவில்லை.

சனிக்கிழமை சாப்பிட்டு முடித்ததும் அறைக்குள் போனார். குளிர், அதனால் முழங்காலுக்குக் கீழே ஹீட்டரைப் போட்டுக்கொண்டார். பென் டிரைவைச் செருகி, சிப்புக்குப் புது நம்பரோடு ஃபர்ம்வேரை முழுதாக எழுத உத்தரவு கொடுத்தார். திரையில் கோடு மெதுவாக வளர்ந்தது. கூடத்தில் சாய்யுன் தலைக்குக் குளித்துவிட்டு வந்து முடி உலர்த்தும் மெஷினைப் போட்டாள். அதற்கு முன்பே சமையலறையில் மின்சாரக் குக்கரில் முள்ளங்கி மாவு வெந்துகொண்டிருந்தது. அந்தப் பழைய வீட்டின் மெயின் இதில் எந்த இரண்டையும் பொறுத்துக்கொள்ளும். மூன்றைப் பொறுக்காது.

டப் என்று ஒரு சத்தம். கோடு பாதியில் நின்றது, திரையே இல்லை.

"மறுபடியும் ஹீட்டரப் போட்டீங்களா?" என்று கூடத்திலிருந்து கேட்டாள்.

மெயினைத் தூக்கிவிட்டுக் கம்ப்யூட்டரை மறுபடி கிளப்பினார். எல்லாம் வந்தது. நெட் போர்ட்டில் மட்டும் விளக்கு வரவில்லை. கேபிளைச் செருகினாலும் இருட்டு, பிடுங்கினாலும் இருட்டு. அப்படி ஒரு சிப்பு தன்னிடம் இருந்ததே கம்ப்யூட்டருக்கு ஞாபகம் இல்லை. கருவியைக் கொண்டு சிப்பை நேராகவே கேட்டார், உன் நம்பர் என்ன? வந்த பதில்: எட்டு எட்டு, எட்டு எட்டு, எட்டு எட்டு, எட்டு எட்டு, எட்டு ஏழு, எட்டு எட்டு. பெயரை மறந்த சிப்பு உளறுகிற நம்பர் அது. எட்டு என்றால் எங்கள் ஊரில் அதிர்ஷ்டம். கார் நம்பரில் ஒரு எட்டுக்குத் தவம் கிடப்பார்கள். இத்தனை எட்டுக்கு நடுவில் அந்த எண்பத்தேழு மட்டும் துருத்திக்கொண்டு நின்றது. எண்பத்தேழு என்றால் இங்கே பள்ளிப் பிள்ளைகள் வாயில் மடையன் என்று அர்த்தம். சிப்பு யாரைச் சொல்கிறது என்று தெமாவ் ஆராயவில்லை.

அவர் கண் கம்ப்யூட்டரின் தலை மேல் போயிற்று. அங்கே பச்சை நிறப் பொட்டலம் ஒன்று உட்கார்ந்திருந்தது. தேங்காய்ப்பால் வாசம் அடிக்கிற மக்காச்சோளப் பொரி. எங்கள் ஊரில் ஆஸ்பத்திரி மெஷினிலிருந்து மெட்ரோ நிலையம் வரைக்கும் எந்த இயந்திரத்தின் மேலும் அதை வைப்பார்கள், சமத்தாக நடந்துகொள்ளட்டும் என்று. பச்சைப் பொட்டலமாக இருக்க வேண்டும், தேதி தாண்டியிருக்கக் கூடாது, முக்கியமாக அதைத் தின்னக் கூடாது. சாய்யுன் வைத்த பொட்டலம் அது. அரை இறுதி ஆட்டத்தின் நடுவில் தெமாவ் அதைத் தின்றுவிட்டார். அப்புறம் காற்றை ஊதி, வாயை ஒட்டி, பழையபடி வைத்துவிட்டார். இதையெல்லாம் நம்புகிறவர் இல்லை அவர். ஆனாலும் அந்த நேரத்தில் பொட்டலத்துக்கு ஒரு கும்பிடு போட்டு, மன்னித்துக்கொள் என்று வாய்க்குள் சொன்னார்.

பயம் ஒரு பக்கம். அதைவிடப் பெரியதாக ஒரு ஆவல் கிளம்பியிருந்தது. இறந்த சிப்பை எழுப்ப முடியுமா? இந்த மாதிரி கையும் மூளையும் அரிக்கிற வேலை வந்து எத்தனை நாளாயிற்று. ஓய்வு பெற்ற பிறகு யாரும் அவரிடம் எந்தப் பழுதையும் கொண்டுவருவதில்லை. அந்த அரை மணி நேரம் அவர் ரொம்பச் சந்தோஷமாக இருந்தார் என்பதுதான் உண்மை.

நல்ல ஃபர்ம்வேர் வேண்டும். நெட்டிலிருந்து எடுக்கலாம் என்றால் நெட்டே இல்லை. கிணற்றில் விழுந்த வாளியை எடுக்க அதே வாளிதான் வேண்டும் என்கிற கதை. கட்டிலுக்கு அடியில் குனிந்தார். பழைய பத்திரிகையில் சுற்றி இதே மதர்போர்டின் இரட்டைப் பிறவி ஒன்று கிடந்தது, கம்பெனியின் மாதிரிப் போர்டு. சாய்யுன் அதைக் குப்பை வண்டிக்குக் கொண்டுபோன ஒவ்வொரு தடவையும், வண்டியின் பாட்டுக் கேட்கக் கேட்கப் பின்னால் ஓடி மீட்டு வந்தது. அதைத் துடைத்து மின்சாரம் கொடுத்து, அதன் நெட் சிப்புக்குள் இருந்த ஃபர்ம்வேரைப் பிரதி எடுத்தார். இனி அதைச் செத்த சிப்பில் எழுத வேண்டும், நம்பரை மட்டும் மாற்றி. இந்தத் தடவை மெயின் விழுந்தால் சங்குதான்.

ஹீட்டரை அணைத்தார். சமையலறைக்குப் போய்க் குரலை மென்மையாக்கிக்கொண்டார்.

"சாய்யுன், கொஞ்ச நேரம் எந்த சுவிட்சும் போடாம இரேன்."

"எதுக்கு?"

"ஒண்ணுமில்ல. சும்மா உக்காந்து ஓய்வெடுக்கலாமே."

"கல்யாணமாகி இத்தன வருஷத்துல இன்னைக்குத்தான் தோணிச்சா? முள்ளங்கிக் கேக் யாரு வேக வெப்பா, ஜன்னல் யாரு தொடைப்பா?"

"ஜன்னல் நான் தொடைக்கிறேன்."

"எல்லா ஜன்னலுமா?"

"எல்லாம்."

அவள் குக்கரை அணைத்துவிட்டு, ஆரஞ்சுப் பழக் கூடையோடு கூடத்துக்குப் போய்ச் சாமி மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு எழுந்து, தினமும் இரண்டு மணிக்குச் செய்கிறபடி சாமி மேடையைத் துணியால் துடைத்தாள். தெமாவ் அதைக் கவனிக்கவில்லை. அவர் மூச்சை அடக்கித் திரைக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கோடு ஊர்ந்து ஊர்ந்து முழுதாக வளர்ந்து முடிந்தபோது மணி மூன்றை நெருங்கியிருந்தது. கம்ப்யூட்டரை ஒரு முறை முற்றிலும் அணைத்துக் கிளப்பினார். நெட் போர்ட்டில் முதலில் ஆரஞ்சு விளக்கு ஒரு கண் சிமிட்டியது, அப்புறம் பச்சை நிலைத்து நின்றது. சிப்பை மறுபடி கேட்டார், உன் நம்பர் என்ன? எட்டுகள் போய்விட்டன. சாய்யுனின் லேப்டாப் நம்பர் ஓர் எழுத்துப் பிசகாமல் வந்தது. செத்தது பிழைத்து, மறந்த பேருக்குப் பதில் மனைவி பேரைச் சொல்லிக்கொண்டு எழுந்திருக்கிறது. பிரிவுத் தலைவர் பெங்கால் முடியுமா இது?

வெய்ச்சிக் கழகத்தின் பக்கத்தைத் திறந்தார். திறக்கவில்லை.

மறுபடி தட்டினார். நெட் இல்லை என்றது. விளக்கு எரிகிறது, ஹப்பில் விளக்கு எரிகிறது, நம்பர் சரி, ஃபர்ம்வேர் சரி, நெட் இல்லை. மணி மூன்றைத் தாண்டிவிட்டது. தெமாவின் மூளை எல்லாக் கதவையும் தட்டிவிட்டு ஒரே ஒரு முடிவில் வந்து நின்றது: இவள் தன்னுடைய நம்பரையும் சேர்த்தே தடை செய்திருக்கிறாள். என்னைப் பிடிப்பதற்காகத் தன் கையையே கட்டிக்கொள்கிற பெண்ணோடு யார் போட்டி போட முடியும்? வியப்பில் அவருக்கு உடம்பு சிலிர்த்தது. கூடவே பெங் சிரிக்கிற சிரிப்பும் காதில் கேட்டது.

கூடத்துக்கு வந்து மனைவியின் முன்னால் நின்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். லேப்டாப்பைக் கவிழ்த்தது, நம்பரைத் திருடியது, மெயின் விழுந்தது, சிப்பு செத்தது, இரட்டைப் போர்டிலிருந்து உயிர் வாங்கிக் கொடுத்தது எல்லாம். பொரி தின்றதை மட்டும் சொல்லவில்லை.

சாய்யுன் ஆரஞ்சு உரித்துக்கொண்டே முழுக்கக் கேட்டாள்.

"ஆக, இப்ப உங்க கம்ப்யூட்டரு என் பேர்ல இருக்கு."

"ஆமா."

"இந்த வீட்டுல அது ஒண்ணுதான் பாக்கி இருந்துச்சு. நான் கேக்கக்கூட இல்ல."

"சாய்யுன், இன்னைக்கு ஒரு நாளு மட்டும் தடைய எடுத்து விடு. பெங்கோட ஆட்டம். நான் நெசமா ஆடினா என்ன ஆகும்னு எனக்கே தெரியாது, அத ஒரு தடவ பாத்துடணும். அவ்வளவுதான் கேக்குறேன்."

அவர் குரலில் ஏதோ இருந்தது. அவள் பழத்தைக் கீழே வைத்தாள்.

"சமையக்கட்டுப் புகைபோக்கியையும் கழுவுவீங்களா?"

புகைபோக்கி என்றால் ஒரு வருஷத்து எண்ணெய்ப் பிசுக்கு. தெமாவ் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். சாய்யுன் எழுந்தாள். லேப்டாப்பைத் திறப்பாள், டெலிபோன் கம்பெனிக்குப் பேசுவாள், ஏதோ ரகசியச் சொல்லைத் தட்டுவாள் என்று ஆவலோடு பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சாமி மேடையில் மோடத்துக்குப் பின்னால் கையை விட்டு, தொங்கிக்கொண்டிருந்த ஒரு கேபிளின் நுனியை எடுத்து, துளையில் செருகினாள். டிக் என்றது.

"போய் ஆடுங்க."

தெமாவ் நின்ற இடத்திலேயே நின்றார். "இது… இவ்வளவுதானா? அந்த நம்பரு, டெலிபோன் கம்பெனித் தம்பி…"

"நம்பரப் பத்தி நீங்கதான் நிச்சயம் பண்ணின நாள்லேர்ந்து சொல்லிக்கிட்டிருக்கீங்க. ரெண்டு மணிக்கு மேடையத் தொடைக்கிறப்ப இதப் புடுங்குவேன், அஞ்சு மணிக்கு ஊதுபத்தி வெக்கிறப்ப சொருகிருவேன்."

"அப்புறம் ஏன் அப்படிச் சொன்னே?"

"கேபிளப் புடுங்கினேன்னு சொன்னா ஒரு நிமிஷத்துல சொருகிருவீங்க. கஷ்டமா ஒண்ணச் சொன்னா அதையே நோண்டிக்கிட்டு மூணு வாரம் சத்தமில்லாம இருப்பீங்க. இருந்தீங்கள்ல?"

இருந்தார்தான். ஹப்பில் எரிகிற விளக்கு, கம்ப்யூட்டருக்கும் ஹப்புக்கும் நடுவே கேபிள் சரி என்று மட்டும்தான் சொல்கிறது. ஹப்புக்கு அப்பால் என்ன என்று அதற்கு என்ன தெரியும்? கால் நூற்றாண்டுப் பரிசோதகர் அதை யோசிக்கவில்லை. ஆனால் யோசிக்க இப்போது நேரமும் இல்லை. ஓடிப்போய் உட்கார்ந்தார். பக்கம் திறந்தது. கழகத்தின் பலகை திரையில் விரிந்தது. அரை மணி முடிய இன்னும் கொஞ்சம் மீதி இருந்தது. தெமாவ் வந்துவிட்டார் என்று எழுதியது. எதிர்ப் பக்கம் காலி. பெங் இல்லை.

மடக்குக் கைபேசி அடித்தது. பெங்.

"தெமாவு, நீ உள்ள போயிட்டியா?" குரலில் பழைய அதிகாரம் கொஞ்சம் கலைந்திருந்தது. "எனக்கு நெட் வரல. விளக்கெல்லாம் எரியுது, ஹப்புலயும் எரியுது. வீட்டுக்காரி என் மெஷின் நம்பரை நிறுத்தி வெச்சிருக்கா. மோடத்துலயே பண்ணிட்டா. இப்பல்லாம் இவங்களுக்கு எல்லாம் தெரியுது. ஒன்கிட்ட அந்தச் சிப்புல நம்பர் எழுதுற கருவி இருக்குமே? உடனே எடுத்துட்டு வர முடியுமா?"

தெமாவ் கைபேசியைக் காதில் வைத்தபடி கூடத்தைப் பார்த்தார். ஆற்றங்கரைப் பூங்காவில் சாய்யுனும் பெங்கின் மனைவியும் தினமும் கைகோத்து ஆடுகிறார்கள். ஆடும்போது என்ன பேசிக்கொள்வார்கள் என்று அவர் இதுவரை ஒரு நாளும் யோசித்ததில்லை.

கால் நூற்றாண்டாக அவர் காத்திருந்த கேள்வி, கேட்க வேண்டிய ஆளிடம், கேட்க வேண்டிய நேரத்தில், தொண்டைக்குழியில் வந்து நின்றது. ஒரே ஒரு வாக்கியம். அதைக் கேட்டால் பெங் வெட்கப்படுவார். வெட்கப்பட்டபடியே கேபிளைச் செருகுவார். உண்மையான ஆட்டமும் நடக்கும். வேண்டியது இரண்டும் ஒரே மூச்சில் கிடைக்கும்.

சாய்யுன் சாமி மேடையோரம் நின்றிருந்தாள். அவள் இரண்டு விரல் கேபிளின் நுனியைப் பிடித்திருந்தது.

"அவருக்குத் தெரிஞ்சா அவரு வீட்டுக்காரி என்னோட பேச மாட்டா," என்று மெதுவாகச் சொன்னாள். "ஒரு வார்த்த சொன்னீங்க, இந்தக் கேபிளு அடுத்த வருஷம் வரைக்கும் என் பீரோவுல."

"தலைவரே," என்றார் தெமாவ்.

"சொல்லு."

"கே…"

கூடத்தில் விரல்கள் லேசாக அசைந்தன. திரையில் பலகை ஒரு முறை நடுங்கி மீண்டது.

"கேக்கவே கஷ்டமா இருக்கு, தலைவரே. பெரிய சிக்கல்தான். எழுதுறதுக்கு முன்னால பேக்கப் மட்டும் எடுத்துக்குங்க."

"எனக்கே பேக்கப் பாடமா?" என்று பெங் உறுமிவிட்டுத் தொடர்பைத் துண்டித்தார்.

கொஞ்ச நேரத்தில் திரையில் எழுத்து வந்தது: எதிராளி வரவில்லை, ஜுவாங் தெமாவ் வெற்றி. ஒரு காய்கூட வைக்காத பலகை அப்படியே வெறிச்சென்று கிடந்தது. தெமாவ் அதையே பார்த்துக்கொண்டிருந்தபோது, திரை ஓரத்தில் நெட் இல்லை என்று வந்தது. நிமிர்ந்தார். சாய்யுன் வாளியையும் துணியையும் அவர் மடியில் வைத்தாள், கம்ப்யூட்டரின் தலை மேல் இருந்த பச்சைப் பொட்டலத்தை எடுத்து இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் டப்பென்று உடைத்தாள்.

"புகைபோக்கிலேர்ந்து ஆரம்பிங்க, சாம்பியனே. நான் கடைக்குப் போயிட்டு வர்றப்ப புதுசா ஒரு பொட்டலம் வாங்கி வெக்கிறேன், என் கம்ப்யூட்டருக்கு."